ஃப்ரான்சைஸ் ஒப்பந்தத்தில் போட்டித் தடை: உங்கள் மற்ற முதலீடுகளைக் கையெழுத்துக்கு முன்பே காப்பது எப்படி

ஃப்ரான்சைஸ் எடுக்கப் போகிறவர் ஒப்பந்தத்தில் முதலில் தேடுவது முன்பணம், ராயல்டி சதவீதம், ஒப்பந்தக் காலம் ஆகிய மூன்றையும்தான். போட்டித் தடை ஷரத்து, அதாவது பிராண்டுக்குப் போட்டியான தொழிலில் நீங்கள் ஈடுபடவோ பணம் போடவோ கூடாது என்ற நிபந்தனை, நடுப்பக்கத்தில் எங்கோ நீளமான ஒரே வாக்கியமாகக் கிடக்கும். அதைக் காட்டிக் கேட்டால், “இந்தியாவில் இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது” என்று யாராவது தைரியம் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. ஒப்பந்தம் முடிந்த பிறகு வரும் தடைக்குத்தான் அந்தப் பேச்சு ஓரளவு பொருந்தும். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் ஐந்து, ஒன்பது, பத்து ஆண்டுகளுக்குத் தடை முழு பலத்தோடு நிற்கும். மனைவி பெயரில் உள்ள பேக்கரி, தம்பியோடு போட்ட கூட்டு, டீமேட் கணக்கில் உள்ள ஷேர் என உங்கள் மற்ற முதலீடுகள் சிக்குவது அந்தக் காலத்தில்தான்.

இந்தியாவில் ஃப்ரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. அமெரிக்காவில் கையெழுத்துக்கோ பணம் கட்டுவதற்கோ குறைந்தது 14 நாட்களுக்கு முன்பே 23 தலைப்புகளில் விவர ஆவணம் கொடுத்தாக வேண்டும். போட்டித் தடை அதில் 17-ஆம் தலைப்பில் வரும். இங்கே அப்படிப்பட்ட கட்டாயம் எதுவும் இல்லாததால், தேட வேண்டியதை நீங்களேதான் தேட வேண்டும்.

முதல் வேலை: சொத்துப் பட்டியல்

ஒப்பந்த வரைவைப் பிரிப்பதற்கு முன் ஒரு தாளில் உங்கள் குடும்பத்தின் தொழில் தொடர்புகள் அத்தனையையும் எழுதுங்கள். உங்களுக்கு, வாழ்க்கைத் துணைக்கு, பெற்றோருக்கு, பிள்ளைகளுக்கு, உடன்பிறந்தவர்களுக்கு என்று தனித்தனி வரிசை. ஒவ்வொன்றிலும் தொழிலின் பெயர், ஊர், என்ன விற்கிறது, எத்தனை சதவீதப் பங்கு, இயக்குநர் அல்லது பார்ட்னர் பதவி உண்டா, அன்றாட நிர்வாகத்தில் கை உண்டா என்பதைக் குறியுங்கள். பலர் விட்டுவிடுபவை இவை:

- தூங்கும் பார்ட்னராகப் பணம் மட்டும் போட்ட கடை
- ஹிந்து கூட்டுக் குடும்பத்தின் பெயரில் நடக்கும் தொழில்
- வட்டிக்கோ கைமாற்றாகவோ கொடுத்த பெரிய கடன்
- போட்டிக் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கும் சொந்தக் கட்டடம்
- பட்டியலிடப்பட்ட கம்பெனி ஷேர்கள், மியூச்சுவல் ஃபண்ட், பி.எம்.எஸ். கணக்கு (மேலாளர் ஒருவர் உங்களுக்காக முதலீட்டை நிர்வகிக்கும் கணக்கு)
- ஏற்கெனவே நடத்தும் வேறு பிராண்டின் ஃப்ரான்சைஸ்

மறைமுகப் பங்கையும் கணக்கிடுங்கள். உங்களுக்கு 60 சதவீதம் உள்ள கம்பெனி இன்னொரு கம்பெனியில் 30 சதவீதம் வைத்திருந்தால், இரண்டாவதில் உங்கள் மறைமுகப் பங்கு 18 சதவீதம். “மறைமுகமாகவும் பங்கு இருக்கக் கூடாது” என்று ஒப்பந்தம் சொன்னால் இந்த 18-உம் மீறல்தான். அந்த இரண்டாவது கம்பெனியில் உங்கள் சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை என்பது அப்போது உதவாது.

பட்டியல் கையில் இருந்தால் பேரம் பேசுவது எளிது. எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்பது அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

போட்டித் தொழில் என்றால் எது?

ஷரத்தில் உள்ள ஆண்டையும் கிலோமீட்டரையும் பார்த்துத்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அதைவிடக் கடுமையானது “போட்டித் தொழில்” என்பதற்கு வரையறைப் பக்கத்தில் கொடுத்திருக்கும் பொருள். டீக்கடை பிராண்டின் வரைவில் “உணவு மற்றும் பானம் சார்ந்த எந்தத் தொழிலும்” என்று இருந்தால் உங்கள் மாமனாரின் மெஸ்ஸும் அதில் அடங்கும், கல்யாண கேட்டரிங்கும் அடங்கும். “நிறுவனம் தற்போதோ எதிர்காலத்திலோ ஈடுபடும் எந்தத் தொழிலும்” என்று எழுதியிருந்தால் இன்னும் ஆபத்து. இன்று டீ விற்கிற பிராண்ட் மூன்று ஆண்டு கழித்துப் பிரியாணி பெட்டி விற்கத் தொடங்கினால், பத்து ஆண்டாக நடக்கும் உங்கள் பிரியாணிக் கடை அன்றைக்குப் போட்டித் தொழிலாகிவிடும்.

இரண்டு திருத்தம் கேளுங்கள். ஒன்று, போட்டி என்பதை முக்கியப் பொருளோடு கட்டுங்கள்: “மொத்த விற்பனையில் 30 சதவீதத்துக்கு மேல் டீ, காபி விற்பனையிலிருந்து பெறும் கடை” என்பதுபோல. எண் பேரத்தில் மாறலாம், ஆனால் எண் ஒன்று இருக்கத்தான் வேண்டும். இரண்டு, கையெழுத்திடும் நாளில் பிராண்ட் என்ன விற்கிறதோ அதை இணைப்பாக வைத்து, அதற்கு மேல் விரியாது என்று எழுதுங்கள்.

யாரைக் கட்டுகிறது?

கையெழுத்துப் போடாத ஆளை ஒப்பந்தம் கட்டாது. ஆகவே உங்கள் அண்ணன் போட்டிக் கடை திறந்தால் அவரை யாரும் தடுக்க முடியாது. பிராண்ட் வக்கீல்களுக்கும் இது தெரியும். அதனால் ஃப்ரான்சைஸ் எடுப்பவரை “உரிமம் பெறுபவர்” என்று குறிப்பிட்டு, அவர்கள் வேறு மாதிரி எழுதுவார்கள்: “உரிமம் பெறுபவரின் உறவினர்கள் போட்டித் தொழிலில் ஈடுபடாதபடி உரிமம் பெறுபவர் உறுதி செய்ய வேண்டும்.” அண்ணன் கடை தொடர்ந்து நடக்கும், உங்கள் ஃப்ரான்சைஸ் ரத்தாகும். உறவினர் என்ற சொல்லை வாழ்க்கைத் துணை, உங்களைச் சார்ந்து வாழும் பிள்ளைகள் என்ற அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். உடன்பிறந்தவர் இருந்தே தீர வேண்டும் என்றால், “உரிமம் பெறுபவரின் பணமோ, பிராண்டின் ரகசியத் தகவலோ பயன்பட்டிருந்தால் மட்டும்” என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்.

கம்பெனியோ எல்.எல்.பி.யோ (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) தொடங்கி அதன் பெயரில் ஃப்ரான்சைஸ் எடுத்தால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பதுண்டு. பெரும்பாலான வரைவுகளில் எல்லா இயக்குநர்களும் பங்குதாரர்களும் தனிநபர் உத்தரவாதப் பத்திரத்திலும் கையெழுத்திட வேண்டும். போட்டித் தடை அதிலும் திரும்ப வரும். பணம் மட்டும் போட்ட 5 சதவீதப் பங்குதாரரையும் அது பிடிக்கும். 10 சதவீதத்துக்குக் கீழ் உள்ள, நிர்வாகத்தில் இல்லாத பங்குதாரருக்கு விலக்குக் கேட்பது நியாயமான கோரிக்கை.

மச்சான் பெயரில் கடை போட்டு நடத்தலாமே என்ற யோசனை வேண்டவே வேண்டாம். உணவுக் கடை பில்லில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்கும், உரிமம் யார் பெயரில் என்பது அதிலிருந்தே தெரியும். ஜி.எஸ்.டி. பதிவு, லீஸ் பத்திரம், கல்லாப்பெட்டி க்யூ.ஆர். கோடு பணம் போகும் வங்கிக் கணக்கு, இரண்டு கடைக்கும் மாறி மாறி வரும் ஊழியர்கள் என ஆதாரம் நான்கு பக்கமும் கிடைக்கும். மறைத்தது தெரியவந்த பிறகு நீதிமன்றத்தின் பரிவும் உங்கள் பக்கம் இருக்காது.

முதலீட்டு விலக்குகள்: எழுதி வாங்க வேண்டியவை

ஷரத்தில் உள்ள வினைச்சொற்களை ஒவ்வொன்றாக அடிக்கோடிடுங்கள். “பங்கு வைத்திருப்பது, முதலீடு செய்வது, கடன் கொடுப்பது, வாடகைக்கு விடுவது, ஆலோசனை சொல்வது, நிர்வகிப்பது” என்று நீளும். உங்கள் சொத்துப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியையும் இந்தச் சொற்களோடு பொருத்திப் பாருங்கள். மோதும் இடத்துக்கெல்லாம் ஒரு விலக்கு வேண்டும்.

பட்டியலிடப்பட்ட ஷேர்: டோமினோஸ், பாப்பாய்ஸ் கடைகளை இந்தியாவில் நடத்தும் ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸும், கே.எஃப்.சி., பீட்சா ஹட் கடைகளை நடத்தும் தேவயானி இன்டர்நேஷனலும் பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள். கோழி வறுவல் பிராண்டின் ஃப்ரான்சைஸ் எடுத்தவர் இவற்றில் 200 ஷேர் வைத்திருந்தால், எழுத்துக்கு எழுத்துப் படித்தால் மீறல். அமெரிக்க ஒப்பந்தங்களில் 1 முதல் 5 சதவீதம் வரை பட்டியலிட்ட ஷேருக்கு விலக்குத் தருவது வழக்கம். அதையே இங்கும் கேளுங்கள். 2 சதவீதம் கிடைத்தாலும் சாதாரண முதலீட்டாளருக்குத் தாராளம்.

ஃபண்ட் யூனிட்: மியூச்சுவல் ஃபண்ட், ஓய்வூதிய நிதி, காப்பீட்டுத் திட்டம் வழியாக வரும் பங்கு எதுவும் கணக்கில் சேராது என்று தனியாக எழுத வேண்டும். பி.எம்.எஸ். கணக்கில் ஷேர் உங்கள் பெயரிலேயே இருக்கும் என்பதால் அதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

ஏற்கெனவே உள்ள தொழில்: பட்டியலில் உள்ள கடைகளை முகவரியோடு ஓர் இணைப்பில் (கீழே உள்ள மாதிரி வாசகத்தில் இது இணைப்பு 3) சேர்த்து, அவை தொடரலாம் என்பதோடு நிற்காமல், அவற்றில் பங்கு கூடலாமா, புதுக் கிளை திறக்கலாமா, கடை இடம் மாறலாமா என்பதையும் எழுதுங்கள். “தற்போதுள்ள கடைகள்” என்று மட்டும் எழுதினால், வாடகைப் பிரச்சினையில் பக்கத்துத் தெருவுக்கு மாறிய கடை புதிய கடை ஆகிவிடும்.

வாரிசாக வருவது: தந்தையின் இனிப்புக் கடையில் பங்கு உயிலாலோ வாரிசுரிமையாலோ உங்களுக்கு வரலாம். 12 மாத அவகாசம் கேளுங்கள். விற்கவோ, நிர்வாகத்திலிருந்து விலகி வெறும் பங்குதாரராக இருக்கவோ அந்தக் காலம் போதும்.

விலக்கின் வாசகம் தமிழில் இப்படி அமையும். வக்கீலிடம் கொடுத்து ஒப்பந்த மொழியில் போடச் சொல்லுங்கள்:

“பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட எந்தக் கம்பெனியிலும் 2 சதவீதத்துக்கு மிகாத பங்குகளை, அதன் நிர்வாகத்தில் பங்கேற்காமல், முதலீடாக மட்டும் வைத்திருப்பதும், நிதி மேலாளர் முடிவு செய்யும் கூட்டு முதலீட்டுத் திட்டங்கள் வழியாகக் கிடைக்கும் பங்கும், இணைப்பு 3-இல் உள்ள தொழில்களும் அவற்றின் இடமாற்றமும், போட்டித் தொழிலுக்குச் சந்தை வாடகையில் கட்டடம் விடுவதும் இந்த ஷரத்தின் மீறலாகாது.”

பெரிய கம்பெனிகளும் இதைத்தான் செய்கின்றன. டோமினோஸும் பாப்பாய்ஸும் வேறு வேறு தாய் நிறுவனங்களின் பிராண்டுகள். இரண்டையும் ஒரே கம்பெனி நடத்துகிறது. சம்மதத்தை எழுத்தில் வாங்கினால் இரண்டு பிராண்ட் ஒரு கையில் இருக்கத் தடையில்லை.

ஒப்பந்தம் நடக்கும்போது: குஜராத் பாட்டிலிங் வழக்கு

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆம் பிரிவு, சட்டபூர்வமான தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்தத் தடையின் அளவுக்குச் செல்லாது என்கிறது. இதை நம்பித்தான் பலர் தைரியமாக இருக்கிறார்கள். ஆனால் 1995-இல் குஜராத் பாட்டிலிங் கம்பெனிக்கும் கோகோ கோலாவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் கோட்டைத் தெளிவாகப் போட்டது. கோகோ கோலாவின் பானங்களை நிரப்பி விற்ற அந்தக் கம்பெனியின் பங்குகள் பெப்சி தரப்புக்குக் கைமாறின. ஒப்பந்தத்தில் ஓராண்டு நோட்டீஸ் காலம் இருந்தது, அந்தக் காலம் உட்பட வேறு பிராண்ட் பானங்களைத் தொடக் கூடாது என்ற ஷரத்தும் இருந்தது. 27-ஆம் பிரிவின் தடை இதற்குப் பொருந்தாது, ஒப்பந்தம் நடப்பில் உள்ளவரை இப்படிப்பட்ட ஷரத்து செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போட்டியாளர் உள்ளே வந்த வழி பங்கு மாற்றம் என்பதைக் கவனியுங்கள்.

சிறு கடைக்காரருக்கு இதில் உள்ள பாடம் நோட்டீஸ் காலம் பற்றியது. நோட்டீஸ் கொடுத்த மறுநாளே புதுப் பெயரில் கடை திறப்பவர்கள் உண்டு. 90 நாள் நோட்டீஸ் என்றால் அந்த 90 நாளும் ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கிறது. புதுக் கடை வியாபாரத்தை 91-ஆம் நாளுக்குத் தள்ளுங்கள். இடம் பார்ப்பது, லீஸ் பேசுவது, உரிமத்துக்கு விண்ணப்பிப்பது போன்ற முன்னேற்பாடுகள் கூடும் என்று ஷரத்தில் ஒரு வரி முதலிலேயே சேர்த்துக்கொண்டால் தகராறு குறையும். ஊழியர்களை இழுப்பதும், வாடிக்கையாளர் எண்களுக்கு வாட்ஸ்அப்பில் புதுக் கடை விளம்பரம் அனுப்புவதும் முன்னேற்பாட்டில் சேராது.

மீறல் என்று பிராண்ட் நினைத்தால் பணம் கேட்டுக்கொண்டு இருக்காது. தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் தீர்ப்பார் என்ற நடுவர் மன்ற ஷரத்து இருந்தால், நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டம் 1996-இன் 9-ஆம் பிரிவில் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை கேட்கும். தடை கிடைத்தால் 90 நாளுக்குள் நடுவர் நடவடிக்கையைத் தொடங்கினால் போதும். அதற்குள் உங்கள் புதுக் கடை பூட்டிக் கிடக்கும், வாடகை ஓடிக்கொண்டிருக்கும். நடுவர் இருக்கை எந்த ஊர் என்பதையும் பாருங்கள். திருநெல்வேலிக் கடைக்கு டெல்லியில் போய் வாதாடும் செலவு, வழக்கின் தொகையையே தாண்டலாம்.

முடிந்த பிறகு

இங்கே 27-ஆம் பிரிவு உண்மையாகவே உங்கள் பக்கம். 1874-லேயே கல்கத்தாவில் ஒரு பித்தளை வியாபாரி வழக்கில், குறிப்பிட்ட பகுதிக்குள் மட்டும் தொழில் செய்யாதே என்ற பகுதித் தடையும் செல்லாது என்று முடிவானது. “நியாயமான அளவு தடை” என்று மற்ற நாடுகளில் ஏற்கும் வாதத்தை இந்தியச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான 2006 வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் முதல் வாய்ப்பைத் தங்களுக்கே தர வேண்டும் என்ற ஷரத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆக, “முடிந்து 2 ஆண்டுக்கு 5 கிலோமீட்டருக்குள் அதே தொழில் செய்யக் கூடாது” என்ற வரி தனியாக நிற்பது கடினம்.

ஆனால் பிராண்ட் உங்களைப் பிடிக்க அந்த ஒரு வரி மட்டும் இருப்பதில்லை.

முதலாவது, நல்லெண்ண விற்பனை. நல்லெண்ணம் (குட்வில்) என்பது கடைக்கு உள்ள நல்ல பெயரும் வாடிக்கையாளர் பழக்கமும். 27-ஆம் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு: தொழிலின் நல்லெண்ணத்தை விற்றவர், வாங்கியவரோடு குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழில் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டால், எல்லை நியாயமாக இருக்கும்வரை அது செல்லும். கடையைப் பிராண்டே திரும்ப வாங்கும்போது விற்பனைப் பத்திரத்தில் “நல்லெண்ணம் உட்பட” என்ற இரண்டு சொல் நுழைந்தால், அதுவரை செல்லாமல் கிடந்த தடைக்கு உயிர் வரும். இயந்திரம், இன்டீரியர், இருப்பு ஆகியவற்றை மட்டும் விற்கிறீர்களா, நல்லெண்ணத்தையும் விற்கிறீர்களா என்பதைப் பிரித்து எழுதுங்கள். நல்லெண்ணத்தை விற்றால் அதற்குத் தனி விலை வாங்குங்கள். கூட்டு நிறுவனத்திலிருந்து விலகும் பார்ட்னருக்கும் கவனம் தேவை: கூட்டாண்மைச் சட்டம் 1932-இன் 36-ஆம் பிரிவு, நியாயமான கால அல்லது இட வரம்போடு போட்ட தடையை அனுமதிக்கிறது.

இரண்டாவது, டெபாசிட். தடைக்காலம் முடிந்த பிறகே டெபாசிட் திரும்பும் என்று சில வரைவுகள் சொல்லும். தடை செல்லாவிட்டாலும் பணம் அவர்களிடம் இருக்கிறதே! கடையைப் பிராண்டிடம் ஒப்படைத்த, அல்லது பெயர்ப்பலகை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் டெபாசிட் வர வேண்டும், தாமதத்துக்கு வட்டி உண்டு என்று எழுதுங்கள்.

மூன்றாவது, “மீறினால் 25 லட்சம்” போன்ற தொகை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி எழுதிய தொகை உச்ச வரம்புதான்; அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும். இழப்பே இல்லாத இடத்தில் தொகையைப் பிடித்துக்கொள்ள முடியாது என்பதை 2015-இல் கைலாஷ்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

நான்காவது, லீஸ். கட்டட உரிமையாளர், நீங்கள், பிராண்ட் மூவரும் கையெழுத்திட்ட லீஸில், ஃப்ரான்சைஸ் முடிந்தால் இடம் பிராண்டுக்குப் போகும் என்று இருந்தால், போட்டித் தடையே அவர்களுக்குத் தேவையில்லை. ஓடுகிற இடம் அவர்கள் கையில், நீங்கள் தெருவில். லீஸை உங்கள் பெயரில் வையுங்கள். பிராண்ட் வற்புறுத்தினால், அட்வான்ஸும் இன்டீரியரின் தேய்மானம் போன மதிப்பும் கொடுத்த பிறகே மாறும் என்று எழுதுங்கள்.

ஐந்தாவது, வணிகக் குறியும் ரகசியமும். செய்முறைத் தாள், மசாலாக் கலவை, சப்ளையர் விலை ஆகியவற்றைக் காக்கும் ஷரத்து ஒப்பந்தம் முடிந்த பிறகும் செல்லும். அதே நிறப் பலகை, அதே எழுத்து வடிவம், “முன்பு இன்ன பிராண்ட்” என்ற பேனர் எல்லாம் வணிகக் குறிகள் சட்டம் 1999-இன் கீழ் வழக்கைக் கொண்டுவரும். பலகை எடுக்க 15 நாள் என்றால் 15-ஆம் நாளில் தேதி தெரியும் புகைப்படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். கூகுள் மேப் பக்கம், கடைத் தொலைபேசி எண், ஸ்விகி, சொமேட்டோ கணக்கு யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் முன்பே இருக்க வேண்டும். மறந்துபோகும் இடம் இதுதான்.

கடையின் உரிமை யாரிடம்?

உங்கள் கம்பெனியின் பங்கு மாறுவதையும் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். “நிறுவனர் 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது”, “எந்தப் பங்கு மாற்றத்துக்கும் முன் சம்மதம்” என்று வரும். வங்கியில் பங்கை அடமானம் வைப்பதும், மகளுக்குத் தானம் கொடுப்பதும், புது முதலீட்டாளரைச் சேர்ப்பதும் சில வரைவுகளில் மாற்றமே. குடும்பத்துக்குள் மாறுவதற்கும், இறப்பால் வாரிசுக்குப் போவதற்கும் சம்மதம் வேண்டாம் என்று எழுதச் சொல்லுங்கள். மற்றவற்றில் 30 நாளுக்குள் பதில் இல்லையென்றால் சம்மதமாகக் கொள்ளப்படும் என்று கேளுங்கள். வெளியாருக்கு விற்கும்போது முதல் வாய்ப்புப் பிராண்டுக்கு என்றால், அதே விலையில், அதே நிபந்தனையில், 30 நாளுக்குள் முடிவு என்று வரம்பு வையுங்கள்.

பதவியையும் பங்கையும் சேர்த்து முடிச்சுப் போடும் ஷரத்தில் மிகுந்த கவனம் வேண்டும். மெக்டொனால்ட்ஸும் விக்ரம் பக்‌ஷியும் 50:50 பங்கு வைத்திருந்த கம்பெனியில், 2013-இல் அவர் நிர்வாக இயக்குநர் பதவியை இழந்ததும், அவர் பங்கை வாங்கும் உரிமையை மெக்டொனால்ட்ஸ் கையில் எடுத்தது. பங்கின் மதிப்பு உட்பட எல்லாம் தகராறாகி, கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம், நடுவர் மன்றம் என்று அலைந்து, 2019-இல்தான் சமரசம் ஆனது. பாதிப் பங்கு வைத்திருந்தவருக்கே ஆறு ஆண்டு பிடித்தது. ஆகவே திரும்ப வாங்கும் விலையைக் கணக்கிடும் முறையை இன்றே எழுதுங்கள்: இரு தரப்பும் ஏற்கும் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர், எத்தனை ஆண்டு லாபக் கணக்கு, செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில்.

கடைக்குள் இருக்கும் பொருளுக்கும் இதே கவனம் வேண்டும். முதலீடு உங்களுடையது, நடத்துவது அவர்கள் என்ற மாதிரியில், நீங்கள் பணம் போட்ட காபி இயந்திரத்தின் பில் பிராண்ட் பெயரில் இருந்தால் அது உங்கள் சொத்து என்று நிறுவுவது கஷ்டம். ஒவ்வொரு பொருளுக்கும் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணில் பில், வரிசை எண்ணோடு சொத்துப் பதிவேடு, ஆண்டுக்கு ஒருமுறை பிராண்ட் மேலாளரின் கையெழுத்து. அது பிரியும் நாளில் பேசும்.

கையெழுத்துக்குப் பிறகு

புதிதாக எந்தத் தொழிலில் பணம் போடுவதற்கு முன்பும் இணைப்பு 3-ஐ எடுத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் முன்கூட்டியே மின்னஞ்சலில் விவரம் அனுப்பிச் சம்மதம் கேளுங்கள். ஏரியா மேலாளர் போனில் “பண்ணுங்க சார், பிரச்சினை இல்லை” என்பது சம்மதம் ஆகாது. எழுத்து மூலமான திருத்தம் மட்டுமே செல்லும் என்ற வரி ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அவர் சொன்னதை அன்றைக்கே அவருக்கும் ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் முகவரிக்கும் எழுதி, அதிகாரம் உள்ளவரின் பதில் வரும்வரை பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.